ஒன்றாம் தேதிப் பட்டியல்

பிப்ரவரி 1

இது போன வருஷத்து டைரி. உரக்கடையில் சும்மா கொடுத்தது. மாட்டுக்கு ஊசி போட்ட தேதி இரண்டைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளையாகவே கிடந்தது. கிழமை ஒன்றும் ஒத்துவராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் டைரி எழுத உட்கார்ந்தால், கிழமை மட்டும் சரியாக இருந்து என்ன ஆகப்போகிறது.

எழுதச் சொன்னது யோகப்பிரியா. ஒரே மகள். மலைமேல் காந்தலூரில் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸில் வேலை. பூண்டு போடுகிறவர்களுக்கு யோசனை சொல்கிறாள். பொங்கலுக்கு இங்கே பெருமாட்டிக்கு வந்தபோது, அங்கே வாடகை ஜீப் ஓட்டுகிற ஜெகன் என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசை என்றாள். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற குடும்பமாம். இனி இந்த ஊட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "சரிங்கப்பா, பேசலை. அதுக்குப் பதிலா மாசாமாசம் ஒண்ணாந்தேதி மூணு காரியம் எழுதி அனுப்புவேன். நீங்க அதைச் செய்யோணும்" என்றாள். எதற்கு என்றேன். மனசு நல்லா இருக்கறதுக்கு என்றாள். என் மனசுக்கு என்ன கேடு? கேட்க நினைத்தேன்.

இந்த மாதம்: நாலு வரியாவது எழுதுவது. காலையில் போன் இல்லாமல் தோப்பில் பத்து நிமிஷம் உட்கார்ந்து எத்தனை பறவைச் சத்தம் என்று எண்ணுவது. அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவிடமே கேட்பது.

வலை விரிக்கிறாள் என்று மட்டும் தெரிகிறது. என்றைக்காவது ஒரு மாதம் பட்டியலில் அந்தப் பையன் பேர் வரும். வரட்டும். பதில் தயாராக வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4

பறவை மூன்று. காக்கை, மயில், இன்னொன்று. இன்னொன்று பக்கத்துத் தோட்டத்தில் குப்பண்ணன் போட்ட மோட்டார் என்று பிறகு தெரிந்தது.

பிப்ரவரி 9

மருதாத்தாளிடம் கேட்டேன், உனக்கு என்ன பிடிக்கும் என்று. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அடுப்பைக் குறைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

சாயங்காலம் அவளாகவே வந்து சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரப் பிடிக்குமாம். இத்தனை வருஷமும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவன் நான்.

மார்ச் 1

பேர் வரவில்லை. ஏதாவது ஓர் இலையை வரைய வேண்டும். ஒரு வாரம் சர்க்கரை இல்லாத காப்பி. தெரியாத ஆளிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசக் கூடாது.

மார்ச் 12

பஞ்சாயத்து ஆபீஸ் வரிசையில் முன்னால் நின்றவரிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம். குறுக்கே பேசவில்லை. அவருடைய மருமகனுக்கு மூலம் வரைக்கும் இப்போது எனக்குத் தெரியும்.

இலை வரைந்தேன். வெற்றிலை என்று நினைத்து வரைந்ததை மருதாத்தாள் மண்வெட்டி என்றாள்.

ஏப்ரல் 1

பேர் வரவில்லை. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 20

பறவை ஏழு! செண்பகத்தின் குரலைத் தனியாகப் பிரித்துவிட்டேன். போனில் சொன்னதும் யோகப்பிரியா சிரித்தாள். முன்னெல்லாம் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வை என்று முடிந்துவிடும். இன்று இருபது நிமிஷம். அவனைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாள்.

நான்தானே பேசாதே என்றேன்? பிறகு ஏன் இது உறுத்துகிறது?

ஜூன் 1

பேர் இல்லை. ஒன்று, எதையும் வாயில் போடும் முன் கண்ணை மூடி மூன்று தடவை முகர்ந்து பார்ப்பது. இரண்டு, இதுவரை போகாத ஓர் ஊருக்குப் பஸ்ஸில் போவது. மூன்று, அங்கே ஒருநாளாவது அவசரப்படாமல் இருப்பது.

போகாத ஊர் என்றால் எது? நானும் எத்தனையோ யோசித்தேன். மனசு ஒரே ஊரில் போய் நிற்கிறது.

ஜூன் 11

தென்னங்கன்று பார்க்க உடுமலை போகிறேன் என்று மருதாத்தாளிடம் சொன்னேன். சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கன்று பார்க்க யாராவது இஸ்திரிச் சட்டை போடுவார்களா என்று பஸ் உடுமலையை விட்டு மலையேறிச் சின்னாறு தாண்டும்போதுதான் தோன்றியது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறையூரில் இறங்கி, காந்தலூர் சுற்றிப் பார்க்க வேண்டும், ஜெகன் வண்டி எது என்று ஸ்டாண்டில் கேட்டேன். ஒல்லியான பையன் ஒருவன் வந்து "வாங்கய்யா" என்று கதவைத் திறந்துவிட்டான். பேர் கேட்டான். தனபால், பொள்ளாச்சி என்றேன். பொய் சொல்வதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு நிமிஷம் தடுமாறினேன்.

பூண்டு வயல், அருவி எல்லாம் காட்டினான். நான் அருவியைப் பார்த்தேனா? குடிப்பாயா, கடன் உண்டா, வீட்டில் யார் யார் என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டுக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். அப்பா மொக்கையன் இப்போது இல்லை. "அம்மா இன்னமும் கொழுந்தெடுக்கப் போறாகய்யா. வேணாம்னா வைவாக" என்றான். இதைச் சொல்லக் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

ஒரு தோட்டத்தில் நிறுத்தி இரண்டு பிளம்ஸ் பழம் வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தான். பழக்க தோஷம். கண்ணை மூடி மூன்று தடவை முகர்ந்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே அவனும் மூக்குக்கு நேரே பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறான். அவனும் திறந்தான். பழம் இரண்டு பேர் கையிலும் அப்படியே இருந்தது.

"எனக்கும் இந்த மாசம் அதேதான்யா" என்றான்.

இவ்வளவு நாளும் அந்தப் பட்டியல் எனக்கு மட்டும் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

திரும்பும்போது ஓரிடத்தில் நேர்வழியை விட்டுச் சுற்றுவழியில் வண்டியைத் திருப்பினான். ஏன் என்றேன். "நேரா போனா கிருஷி பவன் வாசல்யா. இந்நேரம் அவுக வெளிய நிப்பாக. நீங்க சொல்லாம வந்திருக்கீக." ரோடு முழுக்கக் குழி. என்னைக் காப்பாற்றுவதற்கு அந்தக் குழியில் அத்தனை தூரம் ஓட்டினான்.

இறங்கும்போது, அவளிடம் சொல்வாயா என்று கேட்டேன்.

"நீங்க சொல்லச் சொன்னாச் சொல்றேன்."

சொல்லச் சொல்லவில்லை.

ஜூலை 1

பட்டியல் வந்தது. போனிலும் பேசினாள். எங்கேயாவது போனீங்களாப்பா என்றாள். உடுமலை என்றேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1

இன்னும் சொல்லவில்லை. ஒன்றரை மாதம். நானாக இருந்தால் மறையூர் தாண்டும் முன்பே சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 17

மருதாத்தாளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முடியும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். (மார்ச் மாதக் காரியம் எனக்குத்தானே, அவள் எப்போது படித்தாள்?) கடைசியில், "பொய்ப்பேரு வெக்கறதுக்கு எந் தம்பி பேருதான் கெடச்சுதாக்கு?" என்றாள். பங்காளிகள் என்ன சொல்வார்கள், குப்பண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்றேன். குப்பண்ணன் மோட்டாருக்கும் பறவைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் சொல்கிறதைக் குப்பண்ணன் எதற்குக் கேட்கப் போகிறார் என்றாள். பிறகு, "பையன் எப்படீங்க?" என்றாள்.

யோசித்தேன். "உம் மகளை அவன்கிட்ட நம்பி உடலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

செப்டம்பர் 1

இந்தத் தடவை அவளுக்கு முன்னால் நான் அனுப்பினேன். எழுத்துப்பிழை இருக்கும்.

ஒன்று, ஓணத்துக்கு மூன்று நாள் வந்து இரு. இரண்டு, தோப்பில் இப்போது பறவை பதினொன்று, வந்து எண்ணிப் பார். மூன்று, பஸ்ஸில் வராதே, ஜீப்பில் வா.

தண்ணீர் கட்டப் போய்விட்டு வந்து பார்த்தேன். "எந்த ஜீப்புங்கப்பா?" என்று இருந்தது.

தனபால் ஏறின ஜீப் என்று எழுதினேன். தனபால் மாமா எப்ப ஏறினாரு என்று உடனே கேட்டாள்.

"ஜெகனைக் கேளு சாமி. இனிச் சொல்லலாம்னு அப்பா சொன்னாருன்னு சொல்லு."

செப்டம்பர் 6

ஓணத்துக்கு வந்த ஜெகனுக்குக் காலையில் தோப்பில் பதினாலு கேட்டதாம். எனக்குப் பதினொன்றுதான். மூன்று குறைந்தால் என்ன, அது எஸ்டேட் காது.

அவனுடைய அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டோம். இதை ஜீப்பில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது. மருதாத்தாள் முன்சீட்டில், ஜன்னலோரம். நானும் யோகப்பிரியாவும் பின்னால், தேங்காய் மூட்டையோடு.