முந்தானையில் நான்கு விரல்

அன்பு மகளுக்கு,

யார் உன்னிடம் என்ன சொன்னார்களோ, முகூர்த்தப் புடவையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். நடந்ததை நானே எழுதுகிறேன்.

எங்கள் ஜெயில் தறியில் அதை நெய்தவன் பிள்ளையார்பாளையத்துத் தினகரன். திங்கட்கிழமை அவனுக்கு ஜாமீன் உத்தரவு வந்தது உண்மைதான். முந்தானை மட்டும் பாக்கி இருந்தது. நடுவில் கை மாறினால் நெசவில் தெரிந்துவிடும். ஒரு சூப்பிரண்டெண்டின் மேசையில் காகிதம் நான்கு நாள் கிடப்பது அதிசயமில்லை.

தினமும் சாயங்காலம் லாக்கப்பில் அடைக்கும் முன்னால் கேட்பான்.

"ஐயா, ஆர்டர் வந்துச்சுங்களா? எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில என்னியே கேட்டுக்கினு கீறாளாம்."

"வந்தா சொல்ல மாட்டனா? வேலையப் பாருப்பா."

வியாழக்கிழமை காலை, அவள் போய்விட்டதாகப் போன் வந்தது. அப்போது முந்தானையில் நான்கு விரல் அகலம்தான் பாக்கி. அழுதுகொண்டே நெய்தால் இழை அறும். அதனால் வெள்ளிக்கிழமை புடவையைத் தறியிலிருந்து அறுத்த பிறகுதான் இரண்டு செய்தியையும் சொன்னேன்.

உத்தரவில் இருந்த தேதியை அவன் பார்த்துவிட்டான். கத்துவான் என்று இரண்டு வார்டர்களைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். அவன் கத்தவில்லை.

"அவ மொகத்த ஒரு தபா பாத்துட்டு, திரும்பி வந்து முடிச்சுக் குடுத்திருப்பேனே, ஐயா" என்றான்.

இப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். வெளியே போனவன் எவன் திரும்பி வந்திருக்கிறான்?

புடவையை மறுபடியும் அனுப்புகிறேன். விரித்துப் பார், ஓர் இழைகூட அறுந்திருக்காது. முகூர்த்தத்துக்கு அதையே கட்டு.

உன் நல்லதை மட்டுமே நினைக்கும்
அப்பா