மெழுகு நூல் சுற்றிய ஒயர்

அன்பு மகன் பெரியவனுக்கு,

இங்கே நானும் சின்னவளும் உடம்பளவில் சுகம். நீ சுகமாக இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். என் எழுத்து கோணல் தையல் மாதிரி ஓடும் என்று உனக்கே தெரியும், அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகிறது, திரும்பப் போ என்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள், பட்டறையில் என்னோடு உட்கார்ந்து படகுப் பாய் தைக்கிறாள். கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. எனக்கு மேல்பல் ஒன்று விழுந்துவிட்டது, சிரிக்க வேண்டிய வேலையும் இல்லாததால் குறை தெரியவில்லை. நீ அங்கே கிடங்கில் மூட்டை தூக்குவதாகவும், படகுகளுக்குக் கரன்ட் ஒயர் போடுகிற வேலைப் பக்கமே திரும்புவதில்லை என்றும் உன் நண்பன் சொன்னான். அதைக் கேட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதமே அதற்காகத்தான், அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், முழுக்கப் படித்துவிடு, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உங்க அம்மா போன பிறகு நீ ஒயர் போட்டுக் கொடுத்த நம்ம பாய்மரப் படகைத் தார்ப்பாய் போட்டு மூடினவன் கிட்டவே போகவில்லை. போன மாதம் துறைக்காரர் இடத்தைக் காலி பண்ணச் சொன்னார், அடுத்த துறைக்குக் கொண்டுபோவதென்றால் முன்பக்கத்துச் சிவப்பு பச்சை விளக்கு எரிய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. சின்னவள்தான் நீ விட்டுப்போன நோட்டையும், சோதித்துப் பார்க்கிற பல்பையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். புது பல்பு வாங்கக் கடைக்குப் போனவள் வாய் திறக்காமல் சீட்டை நீட்டியிருக்கிறாள், கடைக்காரர் பாவம் ஊமைப் பெண் என்று மற்றவர்களுக்கு முன்னால் கவனித்து அனுப்பினாராம். புது பல்பு போட்டும் எரியவில்லை. பேட்டரியில் கரன்ட் இருந்தது, ஃபியூஸ் நன்றாக இருந்தது, சுவிட்சு வரைக்கும் வந்தது, நடு அறைப் பெட்டி வரைக்கும் வந்தது, முன்னால் மட்டும் வரவில்லை. தினமும் இருட்டுப் பொந்துக்குள் அவள் தவழ்ந்து போவதைப் பார்த்துத் துறை வாட்ச்மேன், பொண்ணு கரன்ட்டைப் பிடிச்சுதா இல்ல கரன்ட்டு பொண்ணைப் பிடிச்சுதா என்று தினமும் கேட்பான். அவள் பல்பை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விடுவாள். ஆனால் ஒருநாள் வெளியே வந்ததிலிருந்து என்னிடமும் பேசவில்லை. மூன்று நாள் அப்படியே இருந்தாள். நாலாம் நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், அப்பா, படகுக்குள்ள ஒயர்ல சுத்தியிருக்கிறதும் இந்த நூல்தான் என்று, எனக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

போய்ப் பார்த்தேன். முன்பலகைக்குப் பின்னால் ஒயர் நடுவில் ஒரு கட்டு. கயிற்று நுனி பிரியாமல் இருக்க நான் போடுவேனே, அதே மெழுகு நூல், அதே இடக்கைச் சுற்று. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ வெளியூர் வேலையில் இருந்த சமயம் படகுக்குள் வைத்துத் தார்ப்பாய் வெட்டும்போது என் கத்தி அந்த ஒயரில் பட்டுவிட்டது. இதற்குப் போய் உன்னைக் கூப்பிடுவானேன், கத்தி பட்டதென்று சொன்னால் சிரிப்பாய் என்று முறுக்கிச் சேர்த்து நூலைச் சுற்றினேன். விளக்கும் எரிந்தது, அத்தோடு மறந்துவிட்டேன். வெளியே கட்டு இன்னும் நேற்றுப் போட்ட மாதிரி அழகாக இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகக் கொட்டியது. கயிற்றுக்கு இறுக்கம் போதும், ஒயருக்குள் உப்புத் தண்ணி போகாமல் இருக்க வேண்டும் என்பது பாய் தைக்கிறவனுக்குத் தெரியவில்லை. அன்று பொழுது சாய நானும் அம்மாவும் திரும்பும்போது விளக்கு அணைந்தது இதனால்தான். எதிரே வந்த விசைப்படகுக்காரன் நாங்கள் இருப்பது தெரியாமல் வந்து இடித்ததும் இதனால்தான். நான் நீந்தினேன், அவள் நீந்தவில்லை. நானோ ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும், நீ போட்ட ஒயர்தாண்டா உங்க அம்மாவை முழுங்கிச்சு என்று உன்னைச் சொன்னேன். அதை நம்பிக்கொண்டுதான் நீ போயிருக்கிறாய்.

படகு முழுக்கத் திறந்து பார்த்துவிட்டோம் அய்யா. நீ கை வைத்த இடத்தில் ஒன்றுகூடப் பழுதில்லை, எந்த ஒயர் எதற்கென்று நீ எழுதி ஒட்டின சீட்டுகள்கூட உரியவில்லை. மூன்று நாள் ஏன் சொல்லவில்லை என்று சின்னவளைக் கேட்டதற்கு, அண்ணன் போயிட்டான், இதைச் சொன்னா நீங்களும் எங்கயாவது போயிடுவீங்களோன்னு பயந்தேன் என்றாள். இதை எழுதாதே என்றேன், எழுதிவிட்டாள். இப்போது விளக்கு எரிகிறது. உன் நோட்டில் இருந்தபடி அவளே சேர்த்தாள், நான் ஒயரைத் தொடவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை, வரச் சொல்லவும் உரிமையில்லை. அந்த மூட்டையை மட்டும் இறக்கி வைத்துவிட்டு உன் வேலைக்குத் திரும்பிப் போ. உன் கருவிப்பெட்டியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன், முகவரி எழுதினால் அனுப்புகிறேன். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, உனக்குப் போய் நான் சொல்கிறேன் பார். வேளைக்குச் சாப்பிடு. உங்க அம்மா உன்னைத் தூக்கி வளர்த்த புண்ணியத்துக்கு நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வெட்டியெடுத்த அந்தத் துண்டைக் கவருக்குள் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. கடைசி வரியை நானே எழுதுகிறேன், கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்.

அது என் கட்டு. உன் ஒயர் இல்லை.

உன் அப்பா