மூன்றாவது வளைவில் அடிக்கும் மணி

14-10-77, வெள்ளி
காலையிலிருந்து தூறல். புதுப்பட்டினம் பட்டறையில் ஒழுகல். வாங்க வேண்டியவை: டார்ச் செல், ஒயர், சாக்குத்துணி.

பஸ்ஸில் ஒருவர் என்ன தொழில் என்றார். வளைந்த பித்தளைக் கம்பியில் படாமல் ஒரு வளையத்தைக் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோகும் விளையாட்டு, பட்டால் மணி அடிக்கும், அதைச் செய்து விற்கிறோம் என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

மெட்ராஸ் பொம்மைக் கடைக்காரர் கடிதம். தீபாவளிக்குள் இன்னும் ஐநூறு பெட்டியாம். பம்பாயிலும் கேட்கிறார்களாம். தலைகால் புரியவில்லை. கடைசி வரியில் குண்டு: போன தடவை அனுப்பியதில் பாதிப் பெட்டிகளில் மணியே அடிக்கவில்லை, கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு. கடலோரத்தை விட்டு உள்ளே வாருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்கிறார்.

16-10, ஞாயிறு
தப்பு பிடிபட்டது. களிம்பு ஏறிய கம்பியில் கரண்ட் பாயாது, வளையம் பட்டாலும் மணி அடிக்காது. கூட்டாளி ஏழுமலை பட்டறையில் நாங்கள் ஆடிப்பார்க்க வைத்திருக்கும் பலகையின் கம்பியைத் தினமும் புளி போட்டுத் துலக்குவான். வீட்டு விளக்கைத் துலக்குகிற பழக்கம். அதனால் எங்கள் கண்ணில் பச்சை படவே இல்லை. லாரிக்காக உப்புக்காற்றில் காத்துக் கிடந்த பெட்டிகளை யார் துலக்கினார்கள்? சரியான மண்டூகங்கள்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஷெட் பார்த்தாயிற்று. ஏழுமலை வருவானா? கேட்கப் பயம்.

நாலு வருஷம் முன்பு என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு டிரான்சிஸ்டர் கொண்டுவந்தான். காத்திருந்த நேரத்தில் கையில் கிடைத்த கம்பியை வளைத்தான். முதல் அலை, இரண்டாவது அலை, மூன்றாவது பெரியது. கட்டுமரத்தைக் கவிழ்ப்பது அதுதான் என்றான். நான் இன்றுவரை மூன்றாவது வளைவைத் தாண்டியதில்லை. மணி அடித்ததும் வெளியே வலை பின்னுகிறவர்கள்வரை சிரிப்பார்கள். அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று.

17-10, திங்கள்
கேட்டுவிட்டேன். ஏழுமலை டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“காலீல கடலு, மத்தியானம் கம்பி. செங்கல்பட்டுல கடலுக்கு எங்க போறது அண்ணாத்த? நீ போ.”

ஒரு பலகையை நீட்டினான். மூன்று அலைக்கும் ஆணி அடித்து வைத்திருக்கிறான்.

“இத்த வச்சுக்கினு யாரு வேணா வளைக்கலாம்.”

நான் கேட்பதற்கு முன்பே செய்து வைத்திருக்கிறான். கோபம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

21-10, வெள்ளி. செங்கல்பட்டு
வெயில். புது ஆள் ஐந்து பேர். ஆணிப்பலகை வைத்து நூறு கம்பி, நூறும் ஒரே அச்சு. கடைக்காரர் நேரில் வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். இனிமேல் நமக்குக் குறையே இல்லை என்றார்.

மூட்டை பிரித்தபோது நாங்கள் முதல்முதலில் செய்த பலகை. பழைய பட்டறைப் பரணில் கிடந்தது. கம்பி முழுக்கப் பச்சை. புது செல் போட்டு வளையத்தை ஓட்டினேன். மூன்றாவது வளைவு தாண்டிற்று. கடைசிவரை மணி இல்லை. ஐந்து பேரும் அவரவர் வேலையில்.

எதிர்க்கடையில் கொஞ்சம் புளி வாங்கிவந்து துலக்கினேன்.

மறுபடி ஓட்டினேன். மூன்றாவதில் அடித்தது. யார் சிரிக்கிறார்கள் என்று வாசலைப் பார்த்தேன்.