தந்தையின் ஆண்டு வருமானம்

12.5.2025, திங்கள்

கணவர் இறந்து, இத்தா இருப்பதில் எண்பத்து மூன்று நாள் போய்விட்டது. இன்னும் ஒன்றரை மாதம் வாசல் தாண்டக் கூடாது. தாண்டிப் போக இடமும் இல்லை. இது அவருக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி. ஒரு வரி எழுதவில்லை மனுஷன். நான் எழுதுகிறேன்.

மகள் சஹருக்கு பி.காம். இடம் கிடைத்திருக்கிறது. குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் முழுக் கட்டணத்தையும் கல்லூரியின் அறக்கட்டளையே கட்டிவிடுமாம். அது கிடைக்காவிட்டால் அவளை எப்படிப் படிக்கவைப்பது, தெரியவில்லை.

13.5.2025

படிவத்தில் ஒரு கட்டம்: 'தந்தையின் ஆண்டு வருமானம், சென்ற நிதியாண்டு.'

அவர் தம்பி நூர் முகமது திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "அண்ணனே இல்ல, அவர் சம்பளத்த இன்னாத்துக்கு அண்ணி எழுதிகினு? சைபர் போடுங்க. மௌத் சர்டிபிகேட் வச்சா போதும்."

சஹரும், "பொய் இல்லியேம்மா, அத்தா இல்லதானே" என்றாள்.

சரி என்றேன். இப்போதெல்லாம் யார் எது சொன்னாலும் சரி என்றுதான் வருகிறது.

15.5.2025

பிஸ்கட் டப்பாவில் அவருடைய சம்பளச் சீட்டுகள். ஏப்ரல் முதல் பிப்ரவரி வரை, பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஓவர்டைம். கேரம் ஆடப் போகிறேன் என்று கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில் இருந்தன. என்ன மனுஷன் இவர்.

கடைசிச் சீட்டு அவர் போன பிறகு தபாலில் வந்தது. இன்றுதான் பிரித்தேன். சம்பள நாட்கள் பதினேழு. மீதிப் பதினொரு நாள், சம்பளமில்லா விடுப்பு.

விடுப்பாம்.

அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்துபோய் அரிசி களைந்தேன்.

16.5.2025

சைபர் எழுதக் கை வரவில்லை. நேர்மை கீர்மை எல்லாம் இல்லை, அவ்வளவு யோசிக்கத் தெம்பு ஏது? ஆனா விடியறதுக்கு முன்னாடி எழுந்து பூந்தமல்லியிலேர்ந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஓடினாரே — அதைப் போய் சைபர்னு எப்படி எழுதறது?

கூட்டி எழுதினேன். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம். கீழே, 'பிப்ரவரி 18 அன்று காலமானார்.'

சஹர் பார்த்துவிட்டு, "என் படிப்ப கெடுத்துட்டியேம்மா" என்றாள்.

7.6.2025

பெருநாள். நூர் முகமது வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. உப்பு இருந்ததா, தெரியவில்லை.

11.6.2025

கல்லூரியிலிருந்து ஜோதிகா என்று ஒரு மேடம் போன் செய்தார். "வருமானம் வரம்புக்கு மேல போகுதுங்க. சைபர்னு போட்டிருந்தா நாங்க கேட்டே இருக்க மாட்டோம்."

"தெரியும்மா" என்றேன்.

"அடுத்த வருஷம் மறுபடி போடுங்க" என்றார்.

30.6.2025

இத்தா முடிந்தது. முதல் முதலாக வெளியே போனது வங்கிக்கு. அவருடைய பி.எஃப். பணம் வந்திருந்தது. முதல் வருடக் கட்டணம் கட்டியதும் அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. வெயிலில் கண் கூசியது. சஹர் கூட வந்தாள், இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

2.6.2026

போன வருட டைரியின் கடைசிப் பக்கம்.

அதே படிவம், அதே கட்டம். இந்தத் தடவை சஹர்தான் நிரப்ப உட்கார்ந்தாள். இத்தா முடிந்ததும் நான் ஆரம்பித்த தையலின் வருமானத்தைக் கேட்டுக் கேட்டு, சேலைக்குப் பால்ஸ் அடித்த காசுவரை எழுதினாள். தந்தையின் வருமானம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"சைபர் போடு. இந்த வருஷம் அதானே நெசம்" என்றேன்.

"என்னால முடிலம்மா." படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

நான் எழுதினேன். எழுதி முடித்ததும் அழுகை வந்துவிட்டது, இத்தனை மாதம் வராத அழுகை. சஹர் படிவத்தை நனையாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.