அபு கஸ்ஸானின் விண்ணப்பத்தில் நான் சேர்த்த வரி

ஜெர்சி சிட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பஸீலாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். காலை 5.42-க்கு உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. நான் இங்கே நலம்தான், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், பாலஸ்தீனத்தில் அடுத்தவர் வீட்டில் தங்கி ஆலிவ் அறுவடைக்கு நிற்கிற நீயும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். வீட்டுக்காரர் அபு கஸ்ஸான் அங்கிளின் பெர்மிட் ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று நீ சொன்னதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். "உங்கள யாருத்தா திருத்தச் சொன்னா, டைப் பண்ணித் தாங்கன்னுதானே கேட்டேன்" என்று நீ அழுததையும் கேட்டேன்.

யாரும் சொல்லவில்லைம்மா. நீ அனுப்பிய பேப்பர்களில் போன வருஷ பெர்மிட் இருந்தது. நிலம் மனைவி ஹயாத் பேரில், இவர் அவர் கணவர் என்பதால் இஸ்ரேல் ராணுவம் போட்ட வேலியைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகலாம் என்று இருந்தது. அதற்கு அடியிலேயே அந்த அம்மா இறந்த சான்றிதழும் இருந்தது. மார்ச்சில் உன் அம்மா மவுத்தானதிலிருந்து பேங்க், இன்சூரன்ஸ், அபார்ட்மென்ட் லீஸ், கார் என்று ஒவ்வொரு ஃபார்மிலும் கமருன்னிசா என்ற பேருக்குப் பக்கத்தில் ஒரே வார்த்தையைத்தான் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். கை பழகிவிட்டது. டேட்டா தப்பாகப் போகக் கூடாது என்று ஹயாத் பேருக்குப் பக்கத்திலும் காலமானவர் என்று போட்டு, அங்கிளையும் சேர்த்து ஏழு வாரிசுகளையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். அத்தா செய்தால் சரியாக இருக்கும் என்று நீயும் பார்க்காமல் கொடுத்துவிட்டாய். நிலத்தை ஏழாகப் பிரித்தால் அவர் பங்கு விவசாயத்துக்கே காணாது, அதற்கு எதற்குப் பெர்மிட் என்று அந்த ராணுவ ஆபீஸில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அறுவடைக்கு வேலிக் கேட்டைத் திறப்பதே மூன்று நாள். வீட்டு மாடியில் நின்றால் வேலிக்கு அப்பால் அவர் மரங்கள் தெரியும் என்றாய். காய் உதிர்வதை இனி அங்கிருந்துதான் பார்ப்பார். நீ சொன்ன வக்கீலம்மாவுக்கு எழுதினேன், அப்பீல் போடலாம், பதில் வர மாசக்கணக்காகும் என்கிறார். கீழ் ஃபிளாட் வெங்கடகிருஷ்ணன் அங்கிள் இட்லி கொண்டுவந்து, "என்னய்யா, லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு அழுதுட்டிருக்கியா" என்றார். நான் அழவில்லைம்மா. எனக்கு அழுகை வருவதில்லை.

உன் இரண்டாவது மெசேஜும் கேட்டேன். அங்கிள் முதலில், "உங்கத்தா இன்ஜினியரா, இல்ல அந்த ஆபீஸ்ல சம்பளம் வாங்குறவரா" என்று கத்தினாராம். நியாயம்தான். நீ அம்மாவைப் பற்றிச் சொன்னதும் என் நம்பரைக் குறித்துக்கொண்டாராம். "கோவமில்லத்தா, அம்மா மவுத்துக்கு விசாரிக்கணுமாம், மஃரிப் தொழுதுட்டுக் கூப்பிடுவாரு, நான் ட்ரான்ஸ்லேட் பண்றேன்" என்கிறாய். தப்பு உன்னுடையதில்லை, முழுக்க என்னுடையது என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடு. கேட் பக்கம் போனால் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும், தனியாக நின்று யாரோடும் வாக்குவாதம் வேண்டாம், வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னையும் அந்த வீட்டையும் காப்பாற்றுவானாக. திட்டுவதற்கு அவர் கூப்பிட்டால் எடுத்திருப்பேன்ம்மா. இங்கே மணி பத்தே முக்கால், அங்கே மஃரிப் ஆகியிருக்கும். போனை ஆஃப் பண்ணிவிட்டேன்.

உன் அத்தா,
அல்தாப்