பதினோரு மணிப் பூட்டு

வேலப்பன்சாவடி,
செவ்வாய்க்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய தாட்சாயிணி அம்மாவுக்கு,

உங்கள் மகள் ஸ்வாதி அக்கா வீட்டில் வேலை செய்யும் மோகனப்பிரியா வணக்கத்தோடு எழுதுவது. பொங்கலுக்கு நீங்கள் சங்கரன்கோவிலிலிருந்து வந்திருந்தபோது சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டே இருந்தாளே, அவள்தான் நான். நீங்கள் என் பெயரைக் கேட்டீர்கள். எனக்குக் குரல் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

முதலில் நான் கவனித்தது அக்காவின் செருப்பை. போன மாதம் வாசல் அலமாரியைத் துடைக்க அதை எடுத்தேன். இடது செருப்பின் வாருக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலையில் ஒரு கொசு காய்ந்து கிடந்தது. அக்கா கடைசியாக அதைப் போட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அம்மா. முன்பெல்லாம் அக்கா காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். மதுரவாயல் நெரிசலிலேயே பாதி ஆயுள் போகிறது என்பார். மத்தியானம் டப்பாவில் ஆறிப்போன சோறு, ராத்திரி முதுகுவலி. தீபாவளி கழிந்து, இனி எல்லோரும் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்ன அன்று அக்கா கேசரி கிளறினார். அதன்பின் சூடாகச் சாப்பிட்டார், நேரத்துக்குத் தூங்கினார். பால்கனியில் நான்கு தொட்டி வைத்தார்.

எனக்கும் அதனால் நன்மைதான். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்கு வாய் திறக்காது. பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனாலேயே ஒன்பதாவதில் நின்றுவிட்டேன். அக்கா மதிய இடைவேளையில் எனக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்து, பத்தாவதைத் தனித்தேர்வாக எழுத வைப்பதாகச் சொன்னார். இந்த நல்ல நோட்டுத் தாளும் அவர் வாங்கித் தந்ததுதான்.

சித்திரையில் உங்கள் மருமகன் கிரண் அண்ணன் கணக்குப் போட ஆரம்பித்தார். அக்கா வீட்டிலேயே இருக்கும்போது முழுநாள் வேலையாள் எதற்கு என்று, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டும் வரச் சொன்னார். வெளியே போகாதவளுக்கு ஸ்கூட்டர் எதற்கு என்று அதை விற்றார். லேப்டாப் இருக்கும்போது போன் எதற்கு என்றார். அக்காவின் போன் இப்போது அவர் பையில்தான் போகிறது. நீங்கள் சாயங்காலம் பேசுவது அவர் போனில், ஸ்பீக்கரில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. லேப்டாப்பில் அக்கா யாருக்கு என்ன எழுதினாலும் ராத்திரி அவர் படித்துப் பார்த்துவிடுவார் என்று அக்காவே ஒரு நாள் சொன்னார், வேறு எதையோ சொல்லும்போது சொல்வதைப் போல.

ஒவ்வொன்றையும் அண்ணன் சிரித்த முகத்தோடுதான் செய்தார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் ஸ்வாதி, ராணி மாதிரி உட்கார்ந்த இடத்துல சம்பளம் வருது" என்பார்.

பத்து மணிக்கு அவர் ஆபீஸ் கிளம்புவார். அதே பத்து மணிக்கு அக்காவுக்கு மீட்டிங். அது முடிவதற்குள் என் வேலை முடிந்துவிடும். வைகாசியில் ஒரு நாள் அண்ணன் என் கையில் ஒரு பூட்டும் சாவியும் கொடுத்தார். அக்கா காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் யார் உள்ளே நுழைந்தாலும் தெரியாது, இந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தி, போகும்போது கிரில் கேட்டை வெளியே பூட்டிச் சாவியை மீட்டர் பெட்டியில் வைத்துவிடு என்றார். சரி என்று தலையாட்டினேன். தினமும் பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்து, "பூட்டிட்டியாம்மா?" என்று கேட்பார். பூட்டிட்டேன் அண்ணா என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

இரண்டு மாதமாக உங்கள் மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது நான்தான், அம்மா. வாட்ச்மேன் துலுக்கானம் தாத்தா ஒரு நாள் தண்ணி மோட்டார் போட மேலே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். "இன்னா பாப்பா, உள்ள ஆளு கீது, நீ பாட்டுக்கு வெளிய பூட்டிக்கினு போறே? தீப்புடிச்சா அது எங்க போவும்?" என்று கேட்டார். அன்றுவரை எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

அக்கா ஆனியிலிருந்து முழுக்கை சுடிதார்தான் போடுகிறார். மீட்டிங்கில் கேமரா போடுவதில்லை. அவர்களுடைய மேலாளர் ஆக்னஸ் மேடத்தின் குரல் எனக்குக் கேட்கும். "ஸ்வாதி, உங்க மூஞ்சியே மறந்துபோச்சு, ஒரு நாளாவது காட்டுங்க" என்று சிரிப்பார். அக்கா, நெட் ஸ்லோவா இருக்கு மேடம் என்பார். வேலையில் அக்கா ஒரு குறையும் வைப்பதில்லை. நன்றாக வேலை செய்பவர் என்று கம்பெனியிலிருந்து ஒரு கோப்பை வந்தது. அண்ணன் அதில்தான் காபி குடிக்கிறார்.

போன வாரம் கம்பெனியில் எல்லோரையும் ஒரே ஒரு நாள் நேரில் வரச் சொன்னார்கள். காரும் அனுப்புவார்களாம். அக்கா புடவை எடுத்து வெளியே வைத்தார். என்னிடம், "நான் போயிட்டு வாரேன் புள்ள, என்ன ஆனாலும் சரி" என்றார். மறுநாள் காலையில் அவர் உதடு வீங்கியிருந்தது. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றார். அந்தப் பாத்ரூமைத் தினமும் துடைப்பவள் நான். புடவை திரும்பவும் பீரோவுக்குள் போய்விட்டது. அவருக்கு உடம்பு சரியில்லை என்று அண்ணனே அக்கா பெயரில் கம்பெனிக்கு எழுதிவிட்டார்.

இப்போது வேறு வீடு பார்த்துவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை போகிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம், மனை பிரித்துப் போட்டிருக்கும் இடத்தில் தனி வீடு. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று ஆன பிறகு இந்த நெரிசலில் ஏன் இருக்க வேண்டும், அங்கே வாடகை பாதி, காற்று நல்ல காற்று என்று அண்ணன் பக்கத்து ஃப்ளாட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் அக்கா கொடுத்து வைத்தவர் என்றார்கள். அங்கே வேலைக்கு ஆள் வேண்டாமாம். என்னை ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கச் சொல்லிவிட்டார்.

என் அம்மா அந்தப் பக்கத்துக் குடோன் ஒன்றில் வேலை பார்க்கிறார். குடோன் வேன் அந்த வழியாகத்தான் போகும். விசாரித்தேன். "அங்க ஒரே ஒரு ஊடுதான் கீது. சுத்தி வெறும் கல்லு நட்டு வச்சிக்கிறாங்க. கத்துனா கூட யாருக்கும் கேக்காது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய எடத்து விவகாரம், நீ வாயத் தொறக்காத" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எழுதுகிறேன்.

உங்கள் முகவரி எப்படிக் கிடைத்தது என்று நினைப்பீர்கள். நீங்கள் துணியில் தைத்து அனுப்பிய கருப்பட்டிப் பார்சல் வந்ததல்லவா, அந்தத் துணியை நேற்று அக்கா என்னிடம் கொடுத்து, "பை தைச்சுக்கோ" என்றார். வீட்டில் விரித்துப் பார்த்தேன். துணியைத் துவைத்திருந்தார். உங்கள் முகவரி எழுதிய இடத்தில் மட்டும் தண்ணீரே படவில்லை. அதை உள்பக்கமாக மடித்திருந்தார்.

அம்மா, இது கிடைத்ததும் போன் செய்யாதீர்கள். அண்ணன்தான் எடுப்பார். வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். தனியாக வராதீர்கள், பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமையும் அண்ணனுக்கு ஆபீஸ் உண்டு, பதினோரு மணிக்கு மேல் வந்தால் அக்கா மட்டும்தான் இருப்பார். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு வெளியே சாவிக்காரர் ஒருவர் இருக்கிறார். மீட்டர் பெட்டியில் சாவி இல்லாமல் போனாலும் உதவும் என்று அவரிடம் ஒரு சாவி செய்து இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் வந்துவிடுங்கள். அக்காவுக்குக் கேசரி பிடிக்கும். உங்கள் கையால் அவர் அதைச் சாப்பிட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

என் பெயரைக் கேட்ட உங்களுக்கு என்றும் கடமைப்பட்ட,
மோகனப்பிரியா.

புதன்கிழமை, தபால் நிலையத்தில் நின்று எழுதுவது:

இன்று காலை அக்காவின் செருப்பைக் கழுவி, வெயிலில் காயவைத்து, கதவுக்கு உள்பக்கம் வைத்தேன். அக்கா மீட்டிங்கில் இருந்தார். செருப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து கிரில் கேட்டைச் சாத்தினேன். பூட்டை வளையத்தில் மாட்டினேன், அழுத்தவில்லை. சாவியை வழக்கம்போல மீட்டர் பெட்டியில் வைத்தேன். படி இறங்கும்போது போன் வந்தது. பூட்டிட்டேன் அண்ணா என்றேன்.