தண்ணீரை எடுக்காத கேமரா

மார்ச் 3, திங்கள். திருச்செங்கோடு, லாட்ஜ்.

காலையிலேயே வெயில் முதுகைச் சுடுகிறது. வாங்க வேண்டியவை: முகமூடி ஒரு கட்டு, லென்ஸ் துடைக்கும் துணி, நடிகை தேன்மொழிக்குக் கண் சொட்டு மருந்து. லாட்ஜ் டீ வாயில் வைக்க முடியவில்லை.

தயாரிப்பாளர் நல்லசிவண்ணன் வந்தார். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி வைத்துத் தொழில் செய்கிறவர். சென்னையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய என் கதையை ஒரே மூச்சில் கேட்டுப் பணம் போட்டவர். அந்த நன்றி இருக்கிறது. அதற்காகக் கடைசிக் காட்சியை விட்டுக்கொடுக்க முடியாது.

கதை அவருக்குத் தெரிந்ததுதான். செல்லம்மா, புருஷன் இல்லாதவள். இருக்கிற நகையை அடகு வைத்துக் கடைசியாக ஒரு போர் போடுகிறாள். அதுவும் புகைந்துபோகிறது. கல்தூள்தான் பறக்கிறது, தண்ணீர் இல்லை. மறுநாள் எழுந்து வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான் படம்.

"ரிக்கு வெச்சுப் பொழைக்கறவன் எடுக்கற படத்துல போரு பொகையலாமுங்களா அம்மிணி? சனம் என்ன பேசும்?"

தண்ணீர் வந்தால் இது படமில்லை அண்ணா, உங்கள் வண்டிக்கு விளம்பரம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

முதல் படத்தில் ஏமாந்தது போதும். கோயில் திருவிழாக் காட்சிக்கென்று நான் எடுத்ததை வெட்டி ஒட்டி, கடைசியில் நாயகிக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலத்தில் அம்மா தியேட்டரில் பார்த்துவிட்டு, "இதை நீயாடி எழுதுன?" என்றாள். கதை, திரைக்கதை, இயக்கம்: செலின். திரை முழுக்க என் பேர். அதற்கப்புறம் பல வருடம் ஒருவரும் கூப்பிடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்.

வெண்ணந்தூர் பக்கம், பாவாயி அக்காவின் மானாவாரிக் காடு. சுத்தப் பாறை. ஆட்டுக்குக்கூட நிழல் இல்லை. படம் எடுக்க இடத்தைச் சும்மா கொடுத்திருக்கிறார். போடுகிற போர் அவருக்கே.

அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார். பொய்யாகத் தூள் பறக்கவிட மாட்டாராம். நிஜமாகவே போர் போடுவாராம், பிறகு சாமி விட்ட வழி. சரி என்றேன். தண்ணீர் வந்தால் படத்தில் வைக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் காடு முழுக்க நடந்தார். தேங்காய் எங்கேயும் எழுந்து நிற்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. திரும்பினால் பாவாயி அக்கா முகம். அவருக்கு நிஜமாகவே தண்ணீர் வேண்டும். ஏற்கெனவே ஒரு போர் புகைந்த காடு. என் படத்துக்காக இதுவும் புகைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறேன். சீ, என்ன ஜென்மம்.

மார்ச் 5. விபூதிப் புதன்.

விடிந்ததும் அம்மா போன். மாதா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வேண்டுமாம், கறி கிறி தின்னக் கூடாதாம். ஷூட்டிங் என்றேன். வைத்துவிட்டாள்.

எலுமிச்சை, கற்பூரம், ரிக் வண்டிக்குப் பூசை. தண்ணீர் வரும்போது எடுத்தால் போதும், அதுவரை கேமரா சும்மா இருக்கட்டும் என்று அண்ணன் உத்தரவு. தலையாட்டி வைத்தேன்.

எந்தப் போரிலும் முதலில் வருவது தூள்தானே. அது எழும்பியதுமே கேமராமேன் பிரபுவிடம் ஓட்டு என்றேன். பாறை மேல் செல்லம்மாவாகத் தேன்மொழி. சேலை வெள்ளை, தலை வெள்ளை, கண்ணிமை வெள்ளை. அழக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அழவில்லை. முந்தானையால் மெதுவாக வாயைத் துடைத்துக்கொண்டு ரிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே டேக். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் இந்த ஒன்றுக்குத்தான் அலைந்தேன்.

சாமானை ஏறக்கட்டச் சொன்னேன். ரிக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும்போது பீறிட்டதே தண்ணீர். தேங்காய் பொய் சொல்லிவிட்டது. இலையை விட்டு எல்லோரும் ஓடினார்கள். பாவாயி அக்கா சேற்றில் நின்று தலையில் வாங்கிக்கொண்டார். அழுதார். நானும் அழுதேன். அதில் பொய் இல்லை.

"கேமராவப் போடுங்க அம்மிணி. சாமியே முடிவெழுதிக் குடுத்திருக்குதுங்க."

பிரபு கை கேமராவுக்குப் போனது. தார்ப்பாயை இழுத்து மூடினேன். எடுக்க மாட்டேன் என்றேன். எடுத்தால் இருக்கும். இருந்தால் என்றைக்காவது எவனாவது ஒட்டுவான்.

அண்ணன் காரில் ஏறிப் போய்விட்டார். டிரைவர்கள் எல்லோரும் போனில் எடுத்துக்கொண்டார்கள்.

கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி மட்டுமில்லை, முகம் முழுக்கச் சாம்பல். அம்மாவுக்கு போன் செய்து பூசியாயிற்று என்று சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்.

வெயில். ரிக் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, சாப்பாட்டு வண்டியும் இல்லை. அண்ணனிடமிருந்து ஒரு வீடியோ மட்டும் வந்தது, டிரைவர் போனில் எடுத்த தண்ணீர். இதைக் கடைசியில் வைக்கவும், இல்லாவிட்டால் என் பேர் போட வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தார்.

உங்கள் பேரை எடுத்துவிடுகிறேன் அண்ணா என்று பதில் போட்டேன். பிரபு தலையில் கை வைத்துக்கொண்டான். படமே நின்றுவிடும் என்கிறான். நிற்கட்டும். அடுத்தவன் முடித்த படம் என் பேரில் ஓடுவதற்கு, நின்ற படம் மேல்.

பயமில்லையா? இருக்கிறது. நாற்பத்தாறு வயது. இதுவும் போனால் இன்னொரு படம் யார் தருவார்கள்?

சாயங்காலம் அண்ணனே வந்தார். கூடவே பாவாயி அக்கா. என்னிடம் பேசிச் சரிக்கட்ட அழைத்து வந்திருக்கிறார், பார்த்ததுமே தெரிந்தது. எடுத்ததைக் காட்டச் சொன்னார் பாவாயி அக்கா. பிரபு லேப்டாப்பைத் திறந்தான். தூள். தேன்மொழி. அக்கா நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டார்.

"போன போருக்கு நானும் இப்பிடியேதானுங்க உக்காந்திருந்தேன். ராத்திரிக்குச் சோறுங்கூட ஆக்குலீங்க. அன்னைக்கும் நம்ம அண்ணன் ரிக்குத்தானுங்க."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அண்ணன் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை போடச் சொன்னார் அண்ணன். கடைசிவரை பார்த்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார்.

"வண்டில எம்பட பேரு எழுதிருக்குதுங்களே. அது மட்டும் தெரியாமப் பாத்துக்குங்க அம்மிணி."

நான் மறைக்க வேண்டியதே இல்லை அண்ணா, தூள் மறைத்துவிட்டது, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை என்றேன்.

"அப்பச் செரிங்க."

நாளை: காலையில் ஜெனரேட்டர் வரும். செல்லம்மா வேலைக்குப் போகும் காட்சி. பாவாயி அக்கா காட்டிலிருந்து ஒரு வாளி கல்தூள் அள்ளிவரச் சொல்ல வேண்டும். பஸ் ஏறும்போதும் அது அவள் தலையில் இருக்கும்.